மலைப்பாதையில் வழிவிடத் தெரியாமல் செய்யும் தவறுகள்

கொல்லிமலையில் என்னை முதன்முதலாக முந்திப் போன வண்டி ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். பின்னால் சாக்கில் கட்டிய இரண்டு பலாப்பழங்கள், காலடியில் ஒரு மூட்டை, ஓட்டியவரின் தோளில் துண்டு. நானோ 350 சிசி வண்டியில், ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி காரவள்ளியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். பாதை சற்றே நேராக ஓடிய ஓரிடத்தில் அவர் என் வலப்பக்கம் வந்தார், கடந்தார், அடுத்த வளைவில் மறைந்தார். பழுத்த பலாவின் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. எத்தனை வளைவுகளாக அவர் என் முதுகுக்குப் பின்னால் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியவே இல்லை.

மெதுவாக ஓட்டியதில் எனக்கு வெட்கமில்லை. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில் அவர் தினமும் ஏறி இறங்குகிறவர். நான் ஆண்டுக்கு இரண்டு முறை போகிறவன். எந்த வளைவில் ஜல்லி பெயர்ந்திருக்கிறது, எங்கே ஊற்று நீர் கசிந்து பாசி பிடித்திருக்கிறது என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். வேகமானவர் பின்னால் வந்தால் வழிவிட வேண்டும் என்பதும் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதை எங்கே, எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் நல்லெண்ணத்தோடு வழிவிடப் போய், நமக்கும் அவருக்கும் சேர்த்து ஆபத்தை வாங்கி வைக்கிறோம்.

கண்ணாடியை மறப்பது

மலை ஏறும்போது கண் முழுவதும் முன்னாலேயே இருக்கும். அது சரியானதும்கூட. ஆனால் கண்ணாடியைப் பார்ப்பதற்கென்று ஒரு நேரம் இருக்கிறது: வளைவு முடிந்து வண்டி நிமிர்ந்த அந்த நொடி. வண்டி சாய்ந்திருக்கும்போது பார்த்தால் கண்ணாடியில் பாறையோ வானமோதான் தெரியும். அதோடு பார்வை போகும் பக்கம் வண்டியும் போகப் பார்க்கும். பல வண்டிகளின் கண்ணாடி குவிந்த பரப்பு கொண்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தொலைவில் சின்னதாகத் தெரிகிற விளக்கு, உண்மையில் அதைவிடப் பக்கத்தில் வந்திருக்கும்.

கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணாடியைவிட நல்ல வசதி ஒன்று உண்டு. ஏறும்போது நாம் கடந்து வந்த பாதை காலுக்குக் கீழே, ஓர் அடுக்கு தாழ்வாக, மரங்களுக்கு நடுவே தெரியும். அங்கே ஒரு விளக்கு ஊர்ந்தால், இன்னும் ஒன்றிரண்டு வளைவுகளில் அது நம் பின்சக்கரத்துக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வழிவிட இடம் தேடுவதற்கு அவ்வளவு அவகாசம் போதும்.

நேர்பாதையில் முறுக்குவது

மலைப்பாதையில் பின்னால் வருகிறவரைப் பல்லைக் கடிக்க வைக்கும் செயல் ஒன்று உண்டு. வளைவுகளில் ஆமை வேகத்தில் போய், அவர் முந்தக்கூடிய ஒரே நேர்பாதை வந்ததும் ஆக்சிலரேட்டரை முறுக்குவது. பெரும்பாலும் இதை யாரும் திமிரில் செய்வதில்லை. வளைவில் பயம்; நேரானதும் ‘அப்பாடா’ என்று கை தானாக முறுக்குகிறது. அல்லது பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வருவதால், ‘நமக்காக அவர் காத்திருக்க வேண்டாமே’ என்ற கூச்சத்தில் வேகம் கூட்டுகிறோம். பின்னால் வருகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதன் விலையைக் கணக்காகவே பார்க்கலாம். பின்னால் வருகிறவர் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் முந்துகிறார் என்று வையுங்கள். நமக்கு 10 மீட்டர் பின்னாலிருந்து 10 மீட்டர் முன்னால் போய்ச் சேர வேண்டும். எதிரே 30-இல் ஒரு பஸ் வரலாம். நாம் 30-இல் போனால் அவருக்கு ஏறக்குறைய 5 நொடி ஆகும். அதற்குள் அவர் 60 மீட்டரும் எதிரே வரும் பஸ் 40 மீட்டரும் கடந்திருக்கும். ஆக, 100 மீட்டர் பாதை காலியாக இருக்க வேண்டும். நாம் 20-க்குக் குறைத்தால் 3 நொடியும் 60 மீட்டரும் போதும். மாறாக 40-க்கு முறுக்கினால்? 14 நொடிக்கு மேல் ஆகிவிடும். 300 மீட்டர் வேண்டும். கொல்லிமலையிலோ வால்பாறைப் பாதையிலோ 300 மீட்டர் தடையின்றிக் கண்ணுக்குத் தெரியும் இடங்களைக் கைவிரலால் எண்ணிவிடலாம். 60 மீட்டர் நிறைய இடங்களில் கிடைக்கும்.

நம் கையின் ஒரு சின்னத் திருகல், அவருடைய 3 நொடியை 14 நொடியாக்கி, எதிரே வரும் பஸ்ஸின் முன்னால் அவரை நிறுத்தி வைக்கிறது. முந்தப்படும் வண்டி தன் வேகத்தைக் கூட்டக் கூடாது, முந்துகிறவரை எந்த வகையிலும் தடுக்கக் கூடாது என்பது பண்பு மட்டுமன்று, நம் நாட்டுச் சாலை விதியும் அதுவே. வளைவிலும், முன்னால் பாதை தெரியாத மேட்டிலும் முந்தக் கூடாது என்பது அவருக்கான விதி. அவர் அதைக் கடைப்பிடித்து நேர்பாதைக்காகக் காத்திருக்கும்போது, அந்த நேர்பாதையை நாம் பறித்துக்கொண்டால் பிறகு அவர் எங்கேதான் முந்துவார்? வளைவில் முந்துவார்.

வளைவுக்குள் ஒதுங்குவது

பின்னால் ஹார்ன் கேட்டதும் எங்கிருந்தாலும் சரி, இடது ஓரத்துக்குப் பாய்வது அடுத்த தவறு. இதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. ஏற்காடு போகும் 20 வளைவுப் பாதையில், ஓர் இடது வளைவின் நடுவில் பின்னால் ஹார்ன் கேட்டது. பதறி இன்னும் உள்ளே ஒடித்தேன். அங்கே மழை அடித்துக் கொண்டுவந்து போட்ட மணல், ரவையைக் கொட்டியதுபோல் பரந்து கிடந்தது. முன்சக்கரம் வழுக்கி, வண்டி என் இடது முழங்காலின் மேல் படுத்தது. முந்த வந்தவர் நல்ல மனிதர். நிறுத்தி, வண்டியைத் தூக்கிவிட்டு, “நான் முந்தப் போவதில்லை, வருகிறேன் என்று சொல்லத்தான் அடித்தேன்” என்று வருத்தப்பட்டார்.

இடது கொண்டை ஊசி வளைவில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பாதை சுற்றித் திரும்பும்போது உட்புறம் குறைந்த தூரத்தில் அதே உயரத்தை ஏற வேண்டியிருப்பதால், அங்கே ஏற்றம் மிகச் செங்குத்து. இடது ஓரத்தை ஒட்டி ஏறுகிறவர் மாட்டிக்கொள்வது அங்கேதான். வேகம் குறைந்து, கியர் தாழ்வாக இல்லாமல், பின்னால் ஆளும் உட்கார்ந்திருந்தால் என்ஜின் திணறி அணைந்துவிடும். நின்ற வண்டி சரிவில் பின்னோக்கி நழுவும். ஓரம் போகிறேன் என்று நல்லது செய்யப் போனவர், நடு வளைவில் குறுக்கே கிடப்பார்.

ஆகவே வளைவுக்குள் யார் ஹார்ன் அடித்தாலும், நமக்குரிய பாதியில், எடுத்த கோட்டிலேயே போய் வளைவை முடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிறவர் நம்மிடம் எதிர்பார்ப்பது இடத்தைவிட நிதானத்தைத்தான். அடுத்த நொடி நாம் எங்கே இருப்போம் என்று அவரால் ஊகிக்க முடிந்தால் போதும். வளைவு முடிந்து பாதை தெரிகிற இடத்தில் இடது இண்டிகேட்டரைப் போட்டு, தார் முடிகிற விளிம்புக்குப் போகாமல் நம் பாதியின் இடப்பக்கமாக மெல்லச் சாய்ந்து, ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் அவர் போய்விடுவார்.

பிரேக்கை மிதித்து வழிவிடுவது வேண்டாம். ஒட்டி வருகிறவருக்கு நாம் திடீரென்று நின்றதுபோல் ஆகிவிடும். இறக்கத்தில் இதன் மறுபக்கமும் உண்டு. கியரைக் குறைத்து என்ஜினாலேயே வேகத்தைத் தணிக்கிறோம். அப்போது பின்னால் பிரேக் விளக்கு எரியாது, நாம் மெதுவாவது அவருக்குத் தெரியாது. பிரேக் லிவரை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இரண்டு முறை தொட்டுவிட்டால் செய்தி போய்ச் சேரும்.

கையசைத்து அனுப்புவது

‘போங்கள்’ என்று கையசைப்பது பெருந்தன்மையாகத்தான் தோன்றும். நம் நாட்டின் பழைய விதிப் புத்தகத்தில் அதற்கென்று ஒரு சைகையே இருந்தது: வலக்கையைக் கிடையாக நீட்டி, முன்னும் பின்னும் அரைவட்டமாக அசைப்பது. கார் ஜன்னலிலிருந்து செய்ய அது சரி. பைக்கில் வலக்கையில்தான் ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் இருக்கின்றன. இறக்கத்தில் அந்தக் கையை எடுப்பதைப் போன்ற அசட்டுத்தனம் வேறில்லை. இடக்கையால் காட்டலாமே என்றால், என் தயக்கம் வேறு. வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று எனக்கே தெரியாதபோது, பாதை காலி என்பதற்கு நான் எப்படி ஜாமீன் நிற்பது? நம்பிக்கையோடு வலப்பக்கம் போனவர் பாலை ஏற்றி வரும் வேனின் முன் போய் நின்றால், கையசைத்தவனுக்கு அன்று இரவு தூக்கம் வராது. ‘உங்களைப் பார்த்துவிட்டேன், ஒதுங்கிவிட்டேன்’ என்பது வரைக்கும்தான் நம் பொறுப்பு. முந்தலாமா என்பதை அவர் கண்ணால் அவரே பார்த்து முடிவு செய்யட்டும்.

வலது இண்டிகேட்டரைப் போட்டு ‘முந்திக்கொள்’ என்று சொல்லும் வழக்கம் சில லாரி ஓட்டுநர்களிடம் உண்டு. அதே விளக்குக்கு ‘நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன்’ என்ற பொருளும் இருப்பதால், பைக்கில் இதைப் பின்பற்றவே கூடாது.

கூட்டமாகப் போவது

ஆடி 18-ஐ ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கும். அந்த நாட்களில் பத்துப் பதினைந்து பைக்குகள் ரயில்பெட்டி கோத்ததுபோல் ஏறுவதைப் பார்க்கலாம். முதல் வண்டி நிதானமாகப் போகிறது; மற்றவை இடைவெளி விடாமல் ஒட்டிக்கொள்கின்றன. வேகமாக வருகிறவர் ஒருவர் முந்த நினைத்தால், பத்து வண்டிகளையும் ஒரே மூச்சில் முந்தியாக வேண்டும்; நடுவில் நுழைந்து ஒதுங்க இடமில்லை. நான்கு நான்காகப் பிரிந்து, ஒவ்வொரு வண்டிக்கும் இடையே இன்னொரு வண்டி நுழையும் அளவு விட்டுப் போனால் அவர் படிப்படியாகக் கடந்துவிடுவார். இருவர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு ஏறுவதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், முந்த முடியாத இருவழிச் சாலையில் மெதுவாகப் போகும் வண்டியின் பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால், அடுத்த ஒதுங்குமிடத்தில் ஒதுங்கி வழிவிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நமக்கு ஐந்து வரை எண்ண வேண்டியதில்லை. இரண்டு விளக்குகள் பின்னால் ஒட்டிக்கொண்டாலே நான் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்திவிடுகிறேன். தண்ணீர் குடிக்க அது ஒரு சாக்கு.

ஆனால் நிறுத்தும் இடம் முக்கியம். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளில் 9-ஆவது வளைவில் காட்சிமுனை இருக்கிறது. கீழே அணை விரிந்து தெரியும். அங்கே ஒதுங்கி நிற்கலாம். வரையாடு தென்பட்டது என்று வளைவின் வாயிலேயே வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறவர்களோ, பின்னால் வருகிறவர் எதிர்த்திசைக்குப் போனால்தான் தங்களைக் கடக்க முடியும் என்பதை நினைப்பதே இல்லை. இறங்கும்போது இன்னொன்றும் உண்டு. இரண்டு வண்டிகள் தாராளமாக விலகிச் செல்ல முடியாத குறுகலான இடத்தில் மேலேறி வரும் வண்டிக்கே முதல் உரிமை. இறங்குகிறவர்தான் ஓரமாக நிற்க வேண்டும்.

உடனே திரும்பி வருவது

ஒருவர் கடந்து போனதும் ‘முடிந்தது’ என்று மறுபடி நடுவுக்கு வருவோம். அவருக்குப் பின்னாலேயே அவருடைய நண்பர் வந்துகொண்டிருப்பார். வேகமாக ஓட்டுகிறவர்கள் தனியாக வருவது குறைவு. முந்தியவர் தன் பாதைக்குத் திரும்பிய பிறகும் இன்னொரு முறை கண்ணாடியைப் பார்த்து, தேவையானால் தோளுக்கு மேல் ஒரு பார்வையும் பார்த்துவிட்டு வந்தால் போதும். நான் ஒரு முறை பார்க்காமல் வந்தேன். என் வலது கண்ணாடியில் இன்னொருவருடைய கைப்பிடி உரசிய கீறல் இன்னும் இருக்கிறது.

முந்துகிறவர்களும் புனிதர்கள் அல்லர். பின்சக்கரத்தை முகர்ந்துகொண்டே வருவது, பகலிலும் உயர் ஒளியை அடித்துக் கண்ணைக் கூசவைப்பது, நாம் ஒதுங்கப் போகும் இடப்பக்கமாகவே நுழைவது என்று அவர்கள் பங்குக்கு நிறையச் செய்கிறார்கள். அதை வேறொரு நாள் அவர்களிடம் பேசிக்கொள்ளலாம்.

பலாப்பழக்காரரை அன்றே மறுபடி பார்த்தேன். அடிவாரத்து டீக்கடை ஓரமாக மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். எத்தனை வளைவுகளாக என் பின்னால் வந்தார் என்று கேட்டேன்.

“பதினொன்று இருக்கும்.”

“ஒரு ஹார்ன் அடித்திருக்கலாமே அண்ணா.”

“அடித்தால் நீங்கள் பதறி ஓரத்துக்குப் போவீர்கள் தம்பி, அங்கெல்லாம் மணல். கீழே கொஞ்சம் நேராக வரும் என்று தெரியும். அதுவரை வரட்டும் என்று விட்டுவிட்டேன்” என்றார், சாக்கின் முடிச்சை அவிழ்த்தபடி.