சிறிய பவளத் தொட்டியில் நீர் எப்படிக் கெடுகிறது?

முதலில் சிறிதாகத் தொடங்குவோம், கை பழகியதும் பெரிதாக வாங்கலாம் என்று நினைத்துத்தான் பலரும் 40 லிட்டர் கடல்நீர்த் தொட்டியை வாங்குகிறார்கள். நன்னீர் மீனுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரி. பவளத்துக்கு நேர் எதிர். நீர் குறைவாக இருக்கும்போது ஒரு வெயில் பிற்பகலும், ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும், பாறை இடுக்கில் செத்துக் கிடக்கும் ஒரு நத்தையும் தொட்டி முழுவதையும் மாற்றிவிடப் போதும். சிறிய தொட்டிகளில் பவளம் சாவதற்கு, நீரின் அளவீடு கொஞ்சம் முன்பின்னாக இருப்பதைவிட, அது வேகமாக மாறுவதே பெரும்பாலும் காரணம். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த வேகத்தைக் கூட்டுபவை.

ஆவியாதலிலிருந்தே தொடங்கலாம். மூடியில்லாத தொட்டி, மேலே சிறு மின்விசிறி, வெளியே சென்னையின் மே மாதம் என்றால் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் நீர் குறைவது சாதாரணம். நீர்தான் ஆவியாகிறது, உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 40 லிட்டரில் 7 லிட்டர் போய்விட்டால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 42-ஐத் தாண்டிவிடும். குறைந்த அளவை உப்புநீரால் நிரப்புவது அதைவிட மோசம், ஏனென்றால் உப்பு மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போகும். ஆவியானதை ஈடுகட்ட உப்பில்லாத தூய நீரைத்தான் ஊற்ற வேண்டும். அதையும் தினமும், சிறிது சிறிதாக. கண்ணாடியில் ஒரு கோடு போட்டுவைத்து, காலையில் நீர்மட்டம் அந்தக் கோட்டுக்கு வரும்வரை ஊற்றினால் போதும். தானாக நிரப்பும் கருவி வாங்க முடிந்தால், விலையுயர்ந்த விளக்குக்கு முன்பாக அதை வாங்குங்கள் என்பேன்.

உப்பை அளக்கும் கருவியிலும் ஒரு பொறி இருக்கிறது. ரிஃப்ராக்டோமீட்டரைக் காய்ச்சி வடித்த நீரால் பூஜ்யத்துக்குச் சரிசெய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பூஜ்யத்தில் சரியாகக் காட்டும் கருவி 35-இல் தவறாகக் காட்டலாம். 35-க்கென்றே விற்கும் அளவுத்திரவத்தை வைத்துச் சரிபார்ப்பதே முறை.

அடுத்தது, அந்தத் தூய நீர் எங்கிருந்து வருகிறது என்பது. நம் ஊர் வீடுகளில் இது பெரிய சிக்கல். குழாய் நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் குளோரின், நைட்ரேட், சிலிக்கேட், உலோகங்கள் என எது வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் சமையலறை ஆர்ஓ இயந்திரத்திலிருந்து பிடித்து ஊற்றுகிறார்கள். அந்த இயந்திரம் நம் நாக்குக்காகச் செய்யப்பட்டது. சுவை வருவதற்காகச் சுத்திகரித்த நீரில் கொஞ்சம் பழைய நீரையே திரும்பக் கலக்கும் டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) திருகு பலவற்றில் உண்டு. தாதுக்களைச் சேர்க்கும் குழலும் உண்டு. இப்போது ‘காப்பர்’ என்று விளம்பரப்படுத்தி விற்கும் வகை, நீரில் தாமிரத்தைக் கலந்து தருகிறது. மனிதருக்கு ஒன்றும் ஆகாத அந்த அளவு, இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் நஞ்சாகலாம். 20 லிட்டர் கேன் தண்ணீரிலும் தாதுக்கள் சேர்ப்பது வழக்கம். பவளத் தொட்டிக்கு, ஆர்ஓ சவ்வைத் தாண்டிய நீர், எஞ்சிய உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் டிஐ பிசின் குழலையும் கடந்து, டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டாத நாளில் பிசினை மாற்றுங்கள்.

கல்லுப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. கடலின் உப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடுதான் சோடியமும் குளோரைடும். மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் எஞ்சிய பங்கில்தான் இருக்கின்றன. பவளத்துக்கு அவை இல்லாமல் ஆகாது. மெரினாவுக்குப் போய்க் குடத்தில் பிடித்துவரலாமே என்று கேட்பவர்களுக்கு: கரையோர நீரில் கூவமும் அடையாறும் கலக்கின்றன, வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அந்த நீரின் உப்பும் குறைந்துவிடுகிறது. பவளத் தொட்டிக்கென விற்கும் உப்புக் கலவையை வாங்கி, தனி வாளியில் நீரை முதலில் ஊற்றி, அதில் உப்பைப் போட்டு, ஒரு பவர்ஹெட்டால் (நீருக்குள் வைக்கும் சிறு பம்ப்) கலக்கிவிட்டு மறுநாள் பயன்படுத்துங்கள். உப்பைப் போட்டுவிட்டு அதன்மேல் நீரை ஊற்றினால் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெண்படிவாகிவிடும். பிறகு அது கரையாது.

தொட்டி முதிர்வதற்கு முன்பே உயிர்களை விடுவது பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள், இருந்தும் நடக்கிறது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். கொளத்தூரில் கப்பியும் தங்கமீனும் வாங்கி வளர்த்துப் பழகியவர்கள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீரின் பிஎச் (அமில, கார நிலையின் அளவு) கூடக் கூட அம்மோனியாவின் நச்சு வடிவம் பெருகும். பிஎச் 7 உள்ள நன்னீரோடு ஒப்பிட்டால், 8.2 உள்ள கடல்நீரில் அதே அளவு அம்மோனியாவில் நச்சுப் பங்கு பத்து மடங்குக்கும் மேல். நன்னீரில் மீன் தாக்குப்பிடித்த அளவு இங்கே கொன்றுவிடும். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் பிடித்துக் கழுவும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். குளோரின் அந்தப் பாக்டீரியாக்களைக் கொல்லும். வெளியே எடுத்த தொட்டிநீரிலேயே அலசுங்கள்.

பாறைக்காகக் கடற்கரையில் பவளத் துண்டுகளைப் பொறுக்கி வருவது இன்னொரு தவறு. அதில் ஒட்டியிருக்கும் உயிர்கள் செத்து அழுகி, நீரைச் சில நாளுக்குள் கெடுத்துவிடும். அதற்கும் மேலாக, கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்த காலம் விட்டுச்சென்ற சேதம் போதும். வீட்டு அலங்காரத்துக்காக யாரும் அதைக் கூட்ட வேண்டாம்.

இனி, அக்கறையுள்ளவர்களே அதிகம் விழும் குழிக்கு வருகிறேன்: அளவீட்டு எண்ணைத் துரத்துவது. மாலையில் பிஎச் 8.2 இருந்தது, காலையில் 7.8 ஆகிவிட்டது என்று பதறி, பிஎச் உயர்த்தும் பொடியைப் போடுகிறார்கள். இரண்டு மணி நேரம் ஏறியிருக்கும். பிறகு பழைய இடத்துக்கே வந்துவிடும். மறுபடி பொடி. ஏசி போட்டு, கதவு சன்னல் அடைத்து, இரண்டு மூன்று பேர் தூங்கும் அறையில் காற்றில் கரியமில வாயு கூடுகிறது. அது நீரில் கரைந்து பிஎச்சை இறக்குகிறது. விளக்கு அணைந்த இரவில் பாசிகளும் அதை உறிஞ்சுவதில்லை. பொடி இந்த வாயுவை வெளியேற்றாது. காரத்தன்மையை, அதாவது நீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவை, மட்டும் ஒவ்வொரு முறையும் ஏற்றிவைக்கும். ஒரு குவளைத் தொட்டிநீரை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய், காற்று பம்பால் ஒரு மணி நேரம் குமிழவிட்டு மறுபடி பிஎச் அளந்து பாருங்கள். ஏறியிருந்தால் குற்றம் அறையின் காற்றில்தான். சன்னலைத் திறப்பதும், ஸ்கிம்மரின் (காற்றுக்குமிழால் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) காற்றுக்குழாயை வெளியே விடுவதும் அதற்கு மருந்து.

உண்மையில் அன்றாடம் கவனிக்க வேண்டியது காரத்தன்மை. கடலில் அது சுமார் 7 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு). தொட்டியில் 7 முதல் 9-க்குள் எங்கே வைத்தாலும் சரி, அங்கேயே நிற்க வேண்டும். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டும்போது 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கால்சியத்தை எடுத்தால், கூடவே 2.8 டிகேஎச் காரத்தன்மையையும் எடுத்துவிடுகிறது. கால்சியம் 420-இலிருந்து 400-க்கு இறங்கியது டெஸ்ட் கிட்டில் பிழைபோலத்தான் தெரியும். அதற்குள் காரத்தன்மை 8-இலிருந்து 5.2-க்கு வந்திருக்கும். கால்சியம் நன்றாக இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்கள் ஏமாறுவது இப்படித்தான்.

சரிசெய்யும்போது அளவு முக்கியம். 40 லிட்டர் நீரில் ஒரு டிகேஎச் உயர்த்த 1.2 கிராம் சமையல் சோடா போதும். ஒரு தேக்கரண்டி சோடா ஏறத்தாழ 5 கிராம்; அதைக் கண்ணளவாக அள்ளிப் போட்டால் ஒரே நொடியில் நான்கு டிகேஎச் ஏறிவிடும். நாளுக்கு ஒரு டிகேஎச்சுக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது நல்லது. எனவே நகைக்கடைத் தராசுபோல் பத்தில் ஒரு கிராம் காட்டும் சிறு தராசு வேண்டும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைத் தொடாதீர்கள். பாறையும் மணலும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் 40 லிட்டர் தொட்டியில் உண்மையில் 32 லிட்டர்தான் இருக்கக்கூடும். அதையும் கணக்கில் கொள்ளுங்கள். அளக்காமல் எதையும் ஊற்ற வேண்டாம்.

வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது சிறிய தொட்டிக்கு நல்ல பழக்கம். ஏதோ சரியில்லை என்று தோன்றியதும் பாதி நீரை மாற்றுவது அப்படி அல்ல. சில உப்புக் கலவைகள் 11, 12 டிகேஎச் தரும். தொட்டி 8-இல் இருந்தால், பாதியை மாற்றும்போது இரண்டு டிகேஎச் ஒரேயடியாகத் தாவும். அம்மோனியாவோ நச்சோ கலந்துவிட்ட அவசரத்துக்கு மட்டும் அது சரி.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை இன்னும் மறையவில்லை. பாஸ்பேட் உறிஞ்சியை அள்ளிப் போட்டு இரண்டையும் துடைத்தெடுத்தால் பவளம் வெளிறும். குமிழ் ஒட்டிய பழுப்பு நிறச் சளிபோல டைனோபிளாஜெல்லேட்டுகள் என்ற நுண்ணுயிர்கள் பாறையை மூடும். அதை ஒழிப்பது பச்சைப் பாசியை ஒழிப்பதைவிடப் பல மடங்கு கடினம். நைட்ரேட் 5 பிபிஎம் அளவிலும் பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரையிலும் இருந்தால் நிம்மதியாக இருங்கள். அதற்கு மேல் போனால் தீனியைக் குறையுங்கள்.

வெப்பத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளுத்தது கடல் சூடானதால்தான். தொட்டியில் 25 முதல் 27 டிகிரி நல்லது. மின்விசிறி இரண்டு மூன்று டிகிரி இறக்கும். ஆனால் காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அது சரியாக வேலை செய்யாது. மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். சூடான நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, ஓட்டமும் நின்றால் மீன் தாங்காது.

அதிகம் யாரும் சொல்லாத ஒன்று கொசுமருந்து. சுவரில் செருகும் திரவ மருந்திலும் தெளிப்பானிலும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை நஞ்சுதான் இருக்கிறது. அது பூச்சிகளுக்கானது, இறாலும் நண்டும் பூச்சிகளுக்கு உறவு. காற்று பம்பும் ஸ்கிம்மரும் அறைக்காற்றை இழுத்து நேராக நீருக்குள் விடுகின்றன. தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

மீனுக்கு வெண்புள்ளி நோய் கண்டதும் தாமிர மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றுவதும் நடக்கிறது. இறாலும் நத்தையும் பவளமும் சாகும். தாமிரம் பாறையிலும் மணலிலும் ஏறிக்கொண்டு பின்னர் மெல்லக் கசியும். மீனைப் பிடித்து வேறொரு கண்ணாடித் தொட்டியில் வைத்து மருந்து கொடுங்கள். அங்கே பயன்படுத்திய வலையையும் குழாயையும் வாளியையும் பவளத் தொட்டியின் பக்கம் திரும்பக் கொண்டுவர வேண்டாம்.