வெரிகோஸ் நரம்புக்கு ஊசி: போடும் முன்னும் பின்னும்

காலில் புடைத்துத் தெரியும் வெரிகோஸ் நரம்புகளை (ரத்தத்தைக் கொண்டுசெல்லும் சிரைகள்தான் இவை) மருந்து ஏற்றி அடைக்கும் ஊசி இது. ஊசிக்கு முன் நின்ற நிலையில் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஒலியலைப் பரிசோதனை) எடுக்க வேண்டும். தொடையில் உள்ள பெரிய சிரையின் வால்வு கசிந்தால் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் மேலே தெரியும் நரம்புகளை அடைத்தாலும் திரும்ப வரும். கர்ப்பிணிகளுக்கும், காலில் புதிதாக ரத்தக்கட்டி உள்ளவர்களுக்கும், நடமாட முடியாதவர்களுக்கும் இந்த ஊசி வேண்டாம்.

மருந்து பெரும்பாலும் பாலிடோகனால். சிலந்தி வலை போன்ற நுண்நரம்புகளுக்கு 0.5% திரவம், பருத்தவற்றுக்கு 1 முதல் 3% வரை, நுரையாக. ஒரு பங்கு மருந்தை நான்கு பங்கு காற்றோடு இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையே வேகமாகத் தள்ளித் தள்ளி நுரையாக்குவார்கள். நுரை ரத்தத்தை ஒதுக்கிச் சுவரைத் தொடும். உள்சுவர் புண்ணாகி நரம்பு ஒட்டிக்கொள்ளும். ஒரே தடவையில் மொத்த நுரை 10 மி.லி.யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

முடிந்ததும் அழுத்தக் காலுறை போட்டு அரைமணி நேரம் நடக்க வேண்டும். படுத்து ஓய்வெடுப்பதுதான் தவறு! காலுறையை எத்தனை நாள் போடுவது என்பது நரம்பின் பருமனைப் பொறுத்தது.

நரம்பு கயிறுபோல் கெட்டிப்படுவதும் தோலில் பழுப்புக் கறை விழுவதும் சகஜம். கறை மறைய மாதக்கணக்காகும், சிலருக்கு நிலைத்தும் விடும். மருந்து வெளியே கசிந்தால் தோல் புண்ணாகலாம். நுரைக்குப் பின் கண் சற்று மங்கினால் படுக்கவைத்துக் கவனிப்பார்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.