எழும்பூர் மியூசியமும் மதியச் சாப்பாடும்: நான் செய்த தப்பை நீங்களும் செய்யாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரை மணி இருக்கும். எழும்பூர் அருங்காட்சியக வாசலில் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அப்பா கையில் போன், அம்மா தோளில் பை, இரண்டு பிள்ளைகள், நிழல் தேடி மதில் ஓரம் ஒதுங்கிய ஒரு பாட்டி. "முதல்ல சாப்பிட்டு வந்துடலாம், அப்புறம் நிதானமா வெண்கலச் சிலையெல்லாம் பார்த்துக்கலாம்" என்று அப்பா சொன்னது காதில் விழுந்தது. ஓடிப்போய்த் தடுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முன்பின் தெரியாதவர் வீட்டுச் சாப்பாட்டில் நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று வந்துவிட்டேன். ராத்திரி வரை அந்தப் பாட்டி முகம்தான் நினைவில் நின்றது.

எங்கள் உறவில் யார் சென்னைக்கு வந்தாலும் மியூசியத்துக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில்தான் விழும். பதினைந்து வருடமாக விழுகிறது. பழைய சென்னைக்காரர்கள் இதைச் 'செத்த காலேஜ்' என்பார்கள், மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. செத்த காலேஜுக்குப் பசியோடு போனவர்களையும் பார்த்திருக்கிறேன், வயிறு முட்டப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது ரகம்தான் மோசம்.

தண்ணீர் எடுத்துப்போங்கள், குடை வையுங்கள் என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். அதை விட்டுவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை

மூடியிருக்கும். ஓட்டல் மட்டும்தான் திறந்திருக்கும்.

காலையில் பொங்கல்

நெய்ப் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டுச் சிலை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்குப் பத்தரை மணிக்கே கண் சொக்கும். நாலு இட்லி போதும். எட்டரைக்குச் சாப்பிட்டால் பன்னிரண்டு மணி வரை தாங்கும், கணக்கு சரியாக வரும். ரயிலில் வந்து இறங்கியவர்கள் ஸ்டேஷனுக்கு எதிரே காந்தி இர்வின் சாலையிலேயே டிபனை முடித்துக்கொண்டு பாந்தியன் சாலைக்கு நடந்துவிடலாம். வாசல் ஒன்பதரைக்குத் திறக்கும்.

எல்லாவற்றையும் பார்த்துவிடுவது

முடியாது. 1851இல் தொடங்கிய இடம், கட்டடங்களே ஆறு, கூடங்கள் 46. நாணயம், கவசம், கல்வெட்டு, பாடம் செய்த பறவை என்று ஒவ்வொன்றாகப் போனால் இரண்டு நாள் வேண்டும். எல்லாம் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் நடுவில் ஒரு சாப்பாட்டு இடைவேளையும் போடுகிறார்கள். இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள்: வெண்கலக் கூடம், அப்புறம் ஆந்திராவின் அமராவதியிலிருந்து வந்த பழைய பௌத்தக் கல் சிற்பங்கள். மிச்சம் இருந்தால் மிச்சம்.

பாதியில் எழுந்து சாப்பிடப் போவது

இதுதான் விஷயம். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தேவாரம் மனப்பாடம். அவருக்கு ஒரே ஆசை, திருவாலங்காட்டு நடராஜரைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் இருக்கும் திருவாசி வளையம் இல்லாமல் தனியாக ஆடுகிற அந்தச் சோழர் காலத்து வெண்கலம். பாரிஸ் சிற்பி ரோடின் அதை நேரில் பார்க்காமல், புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு உருகி உருகி எழுதினார் என்று சித்தப்பா எங்கேயோ படித்திருந்தார். "வெள்ளைக்காரன் படத்தைப் பார்த்தே அவ்வளவு எழுதியிருக்கான், நாம நேர்ல பார்க்க வேண்டாமா?" என்று ரயிலில் ஏறும்போதே போனில் சொன்னவர்.

நான் என்ன செய்தேன்? நல்லதைக் கடைசியில் வைப்போம் என்று புத்திசாலித்தனம் பண்ணினேன். காலையில் கல் சிற்பங்கள், அமராவதி, அங்கே இங்கே என்று சுற்றிக்காட்டிவிட்டு, பன்னிரண்டே முக்காலுக்கு "வாங்க சித்தப்பா, சாப்பிட்டு வந்து வெண்கலம் பார்ப்போம், அது குளுகுளுன்னு இருக்கும்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை. வெயிலில் நடந்து ஸ்டேஷன் பக்கம் ஒரு சைவ ஓட்டலுக்குப் போனால் டோக்கன் வாங்கவே வரிசை, உள்ளே போனால் சாப்பிடுகிறவர் ஒவ்வொருவர் நாற்காலிக்குப் பின்னாலும் இரண்டு பேர் நின்று அவர் மோர் ஊற்றிக்கொள்கிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இலை போடுவதற்குள் ஒன்றே முக்கால். அப்புறம் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், சித்தப்பா வத்தக்குழம்புக்கு மறுசாதம் வாங்கினார், பாயசம், வெளியே வந்து வெற்றிலை பாக்கு. ஆட்டோ கிடைத்துத் திரும்பும்போது மூன்றாகப்போகிறது.

வளாகத்துக்குள் ஒரு மர நிழல். "ரெண்டு நிமிஷம் உட்காருவோம்பா" என்றார். அறுபத்தெட்டு வயது, முந்தின ராத்திரி ரயில் பயணம், மறுசாதம், சித்திரை வெயில். இரண்டு நிமிடம் ஒரு மணி நேரமானது. எழுப்ப மனசு வரவில்லை. எழுந்து முகம் கழுவி வெண்கலக் கூடத்துக்குள் போனால், அவர் ஒவ்வொரு பெயர்ப்பலகையாக நின்று படிக்கிறார், எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது. திருவெண்காட்டு அர்த்தநாரியிடமே கால் மணி நேரம் போனது. வலப்பக்கம் சிவன், இடப்பக்கம் உமை, இடுப்பு வளைவு எங்கே மாறுகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நடராஜர் முன்னால் வந்து நின்றபோது காவலர் விளக்கை அணைக்கத் தொடங்கிவிட்டார். ஐந்து நிமிடம். அவ்வளவுதான் கிடைத்தது, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்த மனிதருக்கு. அன்று ராத்திரியே ஊருக்குத் திரும்பும் வண்டி.

காவலர் மேல் தப்பில்லை, ஐந்து மணிக்கு அவரும் வீட்டுக்குப் போக வேண்டும். ஓட்டல் மேலும் தப்பில்லை. தப்பு என் திட்டத்தில். மதியச் சாப்பாட்டை முக்கால் மணி நேர வேலை என்று கணக்குப் போட்டேன். நம்ம ஊர்ச் சாப்பாடு அப்படிப்பட்டது இல்லை. போக, காத்திருக்க, சாப்பிட, திரும்ப என்று இரண்டரை மணி நேரத்தை அது எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பிறகான முதல் ஒரு மணி நேரத்தை உடம்பு எடுத்துக்கொள்ளும். மூன்றரை மணி நேரம் போனால், ஐந்து மணிக்கு மூடுகிற இடத்தில் என்ன மிஞ்சும்?

ஆகவே, சாப்பாடு கடைசியில். மியூசியத்தை முடித்துவிட்டுத்தான் இலை. ஒன்பதரைக்கு நேராக வெண்கலக் கூடம், தலை தெளிவாக இருக்கும்போதே, கூட்டம் சேரும் முன்பே. பதினொன்றுக்கு ஒரு டீயோ மோரோ. அப்புறம் அமராவதி. பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பினால் ஓட்டலில் முதல் பந்தி, அப்பளம் சூடாக இருக்கும், யாரும் முதுகுக்குப் பின்னால் நிற்க மாட்டார்கள். அது முடியாவிட்டால் இரண்டு மணிக்குப் போய் உட்காருங்கள். கூட்டு தீர்ந்திருக்கலாம், பொரியல் மாறியிருக்கலாம், ஆனால் இடம் கிடைக்கும். நடுவில் இருக்கிற அந்தப் பன்னிரண்டே முக்காலிலிருந்து ஒன்றே முக்கால் வரையான நேரத்தில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், குடும்பத்தோடு எழும்பூரில் ஓட்டல் தேடி நிற்காதீர்கள்.

"டிக்கெட்டைக் காட்டினா மறுபடி உள்ளே விடுவாங்க இல்ல?" என்று கேட்காதவர்கள் கிடையாது. நீங்கள் திரும்பி வருவதே இல்லை என்பதுதான் என் கவலை.

பிரியாணி

மியூசியத்துக்கு முன்னால் என்றால் வேண்டவே வேண்டாம். பின்னால் என்றால் என்னையும் கூப்பிடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள்

இவர்களுக்கு மேலே சொன்ன கணக்கை அப்படியே போடாதீர்கள். என் அத்தை ஒருமுறை பதினொன்றரைக்கே கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார், பையில் ஒரு பிஸ்கட் இல்லை. மாத்திரை, ஊசி நேரத்தைக் கேட்டுக்கொண்டு, பத்தரைக்கே வெளியே கூட்டிவந்து எதையாவது சாப்பிட வையுங்கள். அவர்களோடு போனால் முதல் பந்திதான், இரண்டு மணித் திட்டம் கிடையாது.

கட்டுச்சோறு

புளியோதரை கட்டிக்கொண்டு வருவது நல்ல யோசனை மாதிரிதான் இருக்கும். காலை முழுக்க அந்தத் தூக்கைத் தூக்கிக்கொண்டு அலையப்போவது யார் என்று கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் அது எப்போதும் நான்தான். கூடத்துக்குள் மூடியைத் திறக்காதீர்கள். காகிதத்தையும் இலையையும் மரத்தடியில் விட்டுவிட்டு வந்தால் நான் உங்களோடு பேச மாட்டேன்.

துணிக்கடை

பாந்தியன் சாலையில் காட்டன் துணி விற்கிற கடைகள் வரிசையாக இருக்கின்றன. சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் பக்கம் திரும்பினால் மதியம் மூன்றரைக்குத்தான் சாப்பாடு.

சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன் என்பவர்கள்

சரி, சிலர் கேட்க மாட்டார்கள். பிள்ளைகள் பசி தாங்காது, அதுவும் நியாயம்தான். அவர்களைச் சாப்பிட்ட பிறகு திமிங்கில எலும்புக்கூட்டிடம் கூட்டிப்போங்கள். அதற்கு நுணுக்கமெல்லாம் தேவையில்லை, அண்ணாந்து பார்த்தால் போதும், பிள்ளைகள் கத்துகிற கத்தலில் உங்கள் தூக்கமும் கலையும். சிலைகளை மட்டும் அந்த நேரத்துக்கு வைக்காதீர்கள்.

போன வருடம் சித்தப்பா மகள் வந்திருந்தாள். ஒன்பதரைக்கு வாசலில் நின்றோம். நடராஜர் முன்னால் முக்கால் மணி நேரம் நின்று நோட்டில் பென்சிலால் வரைந்தாள், யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை. பன்னிரண்டு மணிக்கு அதே ஓட்டலில் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது ஊரிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். அவள் நடராஜரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த வத்தக்குழம்பு இன்னைக்கும் இருக்கா?" என்றார்.