சின்ன உடம்புக்கு எந்த பேஸ் கிட்டார்? கடைக்குப் போகும் முன் ஒரு ரீப்பர் கட்டை தேடுங்கள்

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார், வாசிக்கிறேன். என் உயரம் நாலடி பதினோரு அங்குலம். போன மாதம் என் அக்கா மகள் வந்து, "சித்தி, எனக்கும் பேஸ்தான் வேணும். ஆனா கை எட்டாதுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாள். பதின்மூன்று வயது, மெலிந்த உடம்பு. எனக்கும் அந்த வயதில் இதையேதான் சொன்னார்கள். கை சின்னதாக இருப்பது ஒரு தடையே இல்லை. உடம்புக்குப் பொருந்தாத கிட்டாரை வாங்குவதுதான் தடை. அவளுக்காக நாங்கள் செய்தவற்றை அப்படியே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் தெரிய வேண்டிய ஒரே அளவு

கிட்டாரின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சின்னப் பள்ளமுள்ள பட்டைக்கு நட் என்று பெயர். உடல்பக்கம் கம்பிகள் முடியும் உலோகப் பகுதி பிரிட்ஜ். இந்த இரண்டுக்கும் நடுவில் கம்பி அதிரும் நீளம்தான் ஸ்கேல். 1951-இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்ததிலிருந்து 34 இன்ச் பொது அளவாகிவிட்டது. கடையில் எதையும் சொல்லாமல் "பேஸ் காட்டுங்க" என்றால் எடுத்துத் தருவது பெரும்பாலும் இதுதான். 32 இன்ச் நடுத்தரம், 30 இன்ச் குட்டை ஸ்கேல். ஐபனெஸ் மைக்ரோ போன்றவை 28.6 இன்ச் வரை இறங்கும்.

நாலு இன்ச் வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். இடது கை பிடிக்கும் நீளமான கழுத்துப் பகுதி நெக், அதில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள் ஃப்ரெட். 34 இன்ச் பேஸில் 1-ஆவது ஃப்ரெட்டிலிருந்து 4-ஆவது ஃப்ரெட் வரை 13 செ.மீ. 30 இன்ச்சில் அது 11.4 செ.மீ. விரலை விரித்து வைத்துப் பாருங்கள், அந்த ஒன்றரை செ.மீ. சுண்டு விரலுக்கு நன்றாகவே தெரியும். அதைவிட முக்கியம், 1-ஆவது ஃப்ரெட் உங்கள் உடம்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். இடது கை முழுக்க நீள வேண்டியதில்லை.

குட்டை ஸ்கேல் என்றால் குழந்தைகள் சாமான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிய வயலின் வடிவ ஹோஃப்னர் 30 இன்ச்தான். ஃபெண்டரே 1966-இல் 30 இன்ச்சில் மஸ்டாங் பேஸைக் கொண்டுவந்தது. ஒலியில் வித்தியாசம் உண்டு. கம்பியின் இழுவிசை குறைவதால் தொட மென்மையாக இருக்கும், ஒலியும் கொஞ்சம் உருண்டையாக வரும். மிகத் தாழ்ந்த சுரம் தரும் தடித்த இ கம்பி மட்டும் சில கிட்டார்களில் தளதளவென்று ஆடும். அதற்கான வழி கம்பி தேர்வில் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

படி 1: ரீப்பர் கட்டையில் கோடு போடுங்கள்

எங்கள் ஊரில் பேஸை எடுத்துப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் மதுரைக்குத்தான் போக வேண்டும். பாம்பன் பாலம் தாண்டி ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அங்கே போய் நின்று குழம்புவதற்குப் பதிலாக வீட்டிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம்.

தச்சுப்பட்டறையில் 2 இன்ச் அகலம், 1 இன்ச் கனம் உள்ள ரீப்பர் நாலடி துண்டு கேளுங்கள். எங்களுக்குப் படகு வேலை செய்யும் ஆசாரி ஒருவர் சும்மாவே கொடுத்தார். உண்மையான நெக்கைவிட இது கொஞ்சம் தடிமன், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் ஒரு கோடு போடுங்கள், அதுதான் நட். அங்கிருந்து 34 இன்ச்சுக்கு, அதாவது 86.4 செ.மீ. தூரத்தில், பிரிட்ஜுக்கு இன்னொரு கோடு. பிறகு நட்டிலிருந்து 4.8, 9.4, 13.7, 17.8 செ.மீ. தூரங்களில் நாலு கோடு. இவை முதல் நாலு ஃப்ரெட்.

கட்டையைத் திருப்பி, அடுத்த பக்கத்தில் 30 இன்ச்சுக்குப் போடுங்கள். பிரிட்ஜ் 76.2 செ.மீ. தூரத்தில். ஃப்ரெட்கள் 4.3, 8.3, 12.1, 15.7 செ.மீ.

கைப்பிடி இல்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். பிரிட்ஜ் கோடு வலது இடுப்பெலும்புக்கு நேராக வரட்டும். தலைப்பக்கத்தைத் தோள் உயரத்துக்குக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, இடது கையை முதல் ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோங்கள். கட்டைவிரல் பின்புறம் நடுவில் இருக்க வேண்டும்.

இப்போது விரலைப் பார்க்காதீர்கள், முழங்கையைப் பாருங்கள். முழங்கை மடங்கித் தளர்வாகத் தொங்கினால் அந்த நீளம் உங்களுக்குச் சரி. கை நீண்டு, தோள் முன்னால் இழுபட்டால் சரியில்லை. என் அக்கா மகளுக்கு 34-இல் இடது தோள் காது வரை ஏறியது, அவளுக்கே அது தெரியவில்லை. கட்டையைத் திருப்பி 30-ஐ வைத்ததும் தோள் தானாக இறங்கியது. எனக்கு அந்தக் கணமே போதுமாக இருந்தது.

விரல் பற்றி ஒன்று. நாலு ஃப்ரெட்டுக்கு நாலு விரலையும் விரிக்க முடியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். நின்று வாசிக்கும் பெரிய டபுள் பேஸில் காலங்காலமாகப் பயன்படும் பிடி வேறு. ஆள்காட்டி விரல் ஒன்றில், நடுவிரல் அடுத்ததில், மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து மூன்றாவதில். நாலாவது ஃப்ரெட் வேண்டுமென்றால் கையையே நகர்த்த வேண்டும். நான் இன்றும் முதல் ஐந்து ஃப்ரெட்களில் இப்படித்தான் வாசிக்கிறேன். இந்தப் பிடியில் 34 இன்ச்சே வசதியாக இருந்து, முழங்கையும் மடங்கினால், தாராளமாக 34 வாங்கலாம். உயரம் குறைவு என்பதற்காக மட்டும் குட்டை ஸ்கேல் எடுக்க வேண்டியதில்லை.

படி 2: எடை

34 இன்ச் பேஸ் நாலு கிலோவைத் தாண்டுவது சாதாரணம். திருவிழா நவநாளில் ஒன்றரை மணி நேரம் நிற்கும்போது அது எவ்வளவு என்று தோளுக்குத் தெரியும். ஒரு துணிப்பையில் நாலு கிலோ அரிசியைப் போட்டு இடது தோளில் மாட்டி அரை மணி நேரம் வீட்டு வேலை பாருங்கள். மறுநாள் மூன்று கிலோவில் செய்யுங்கள். எது தாங்குகிறதோ அதுதான் உங்கள் வரம்பு. கடைக்குப் போகும்போது மீன் எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றைக் கொண்டுபோனால் சந்தேகமே இல்லை.

படி 3: கடையில்

நாலு கம்பி பேஸ் மட்டும் கேளுங்கள். ஐந்து கம்பியின் நெக் அகலம், தொடக்கத்தில் வேண்டாம். ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் பேஸ் வகை நெக் நட் அருகே 38 மி.மீ. அகலம், பிரிசிஷன் வகை 41 மி.மீ.க்கு மேல். சின்னக் கைக்கு முதலாவது நன்றாக அடங்கும்.

ஸ்ட்ராப் மாட்டி எழுந்து நின்று, இரண்டு கையையும் மெல்ல எடுத்துவிடுங்கள், பக்கத்திலேயே வைத்திருங்கள். தலை கீழே சரிந்தால் அந்தக் கிட்டாரை வைத்துவிடுங்கள். உடல் லேசாக இருக்கும் பேஸ்களில் இது அடிக்கடி வரும். சரியும் தலையை உங்கள் இடது கைதான் நாள் முழுக்கத் தாங்கும், பிறகு அந்தக் கை எப்படி வாசிக்கும்? சரிவு கொஞ்சம்தான் என்றால் மூன்று இன்ச் அகலத்தில், உள்பக்கம் சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் பிடித்து நிறுத்தும்.

அப்புறம் ஒவ்வொரு கம்பியிலும் 1-லிருந்து 12 வரை ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி வாசியுங்கள். அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். கரகரப்பு எங்காவது வந்தால் கடைக்காரரைச் சரிசெய்யச் சொல்லுங்கள். 12-ஆவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி இரண்டு, இரண்டரை மி.மீ. இருந்தால் மெல்லிய விரலுக்கு வலிக்காது.

படி 4: பழையது வாங்கினால் துருவைப் பாருங்கள்

என் முதல் பேஸ் பழையது. ஒரு கடையில் வாங்கினேன், மேல் பாலிஷ் கண்ணாடி மாதிரி மின்னியது. வீட்டுக்கு வந்து கம்பியைக் கொஞ்சம் இறக்கலாம் என்று பிரிட்ஜ் திருகில் ஆலன் கீயை, அதாவது ஆறு முனையுள்ள திருகுச் சாவியை, நுழைத்தேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். திருகின் உள்ளே இருந்த ஆறு முனையும் மழுங்கி வட்டமாகிவிட்டது, கீ சும்மா சுற்றியது. உள்ளேயிருந்து செம்மண் மாதிரி துரு கொட்டியது. ஐந்து மி.மீ. உயரத்தில் நின்ற கம்பியை அழுத்தி அழுத்தி ஆறு மாதம் பழகினேன். கை வலித்ததற்கு என் கைதான் காரணம் என்று அந்த ஆறு மாதமும் நினைத்தேன். அதுதான் இன்றும் எனக்கு ஆறவில்லை.

எனவே ஆலன் கீ செட் ஒன்றைக் கொண்டுபோங்கள். பெரும்பாலான பிரிட்ஜ்களில் ஒவ்வொரு கம்பியும் உட்கார ஒரு சின்னத் தாங்கி உண்டு, அதன் பெயர் சாடில். சாடிலுக்கு இரண்டு திருகு, மொத்தம் எட்டு. கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் கால் சுற்று திருப்பிப் பாருங்கள், எட்டும் அசைய வேண்டும். வால்யூம் திருகியைச் சுற்றும்போது கரகரவென்று வந்தால் உள்ளே உப்பு புகுந்திருக்கலாம். அதைச் சுத்தம் செய்யலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் காலமெல்லாம் உப்புக் காற்றோடு மல்லுக்கட்டியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதே காற்றுதான் நம் வீட்டு ஜன்னல் வழியாகவும் வருகிறது.

படி 5: கம்பியும் மற்றவையும்

30 இன்ச் பேஸுக்குக் குட்டை ஸ்கேல் கம்பி என்றே கேட்டு வாங்க வேண்டும். நீளக் கம்பியை வாங்கி வெட்டினால் தடித்த பகுதி ட்யூனிங் கீயில் சுற்றாது, சுற்று பிரிந்தும் போகும். எல்லாக் கடையிலும் இருக்காது, போன அன்றே இரண்டு செட் வாங்கிவிடுங்கள். தடிமனில் நம் ஊர் வழக்கத்துக்கு எதிராக ஒன்று சொல்வேன். செட்டின் மேல் இருக்கும் எண்கள் மிக மெல்லிய கம்பி, மிகத் தடித்த கம்பி இரண்டின் தடிமன், ஓர் இன்ச்சின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். 34 இன்ச் என்றால் சின்ன விரலுக்கு 40-95 போன்ற மெல்லிய செட். 30 இன்ச் என்றால் 45-105. ஏற்கெனவே இழுவிசை குறைவு, மெல்லியது போட்டால் இ கம்பி ஆடும். வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பி கிடைத்தால் அதுவே என் தேர்வு. விரலை உரசாது, வியர்வையும் உப்பும் தங்கப் பள்ளம் குறைவு.

பேஸின் இ கம்பி வெறுமனே அதிர்வது 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அது கேட்காது. ஹெட்போன் துளை உள்ள 15 அல்லது 20 வாட் பேஸ் ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) வீட்டுக்குப் போதும். பட்ஜெட்டில் கால் பங்கை இதற்கும் ஸ்ட்ராப், ட்யூனர், கனமான பைக்கும் ஒதுக்கிவிட்டு மீதியில் கிட்டார் பாருங்கள்.

பைக்குள் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் கிள்ளிப் பிடித்து, அடிப்பக்கமும் சேர்த்து, நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை இழுத்துத் துடையுங்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாசிக்காத நாளிலும் துடையுங்கள். என் அக்கா மகள் அந்தத் துணியை ஸ்ட்ராப்பிலேயே முடிந்து வைத்திருக்கிறாள். நல்ல யோசனை, நானும் அப்படியே முடிந்துகொண்டேன்.