பறவூர் யூத அருங்காட்சியகம்: திங்கள் வேண்டாம்

கேரளத்தின் வடக்குப் பறவூரிலும் சேந்தமங்கலத்திலும் மலபார் யூதர்களின் (கேரளத்தின் பழைய யூதச் சமூகம்) பழைய ஜெபாலயங்கள் இப்போது முசிறிஸ் திட்டம் எனும் கேரள அரசின் மரபுப் பாதுகாப்புத் திட்டத்தின் அருங்காட்சியகங்கள். இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். அரை நாளில் பார்த்துவிடலாம். திங்கள் விடுமுறை. கொச்சியின் மட்டாஞ்சேரி ஜெபாலயத்தையும் (1568-இல் கட்டியது) சேர்த்துப் பார்ப்பதானால் வெள்ளி பிற்பகலும் சனியும் ஆகாது, அங்கே சபாத், அதாவது யூதர்களின் வாராந்திர ஓய்வு நாள். ஆக, ஞாயிறு அல்லது செவ்வாய் முதல் வியாழன் வரை.

கோவை, சென்னைப் பக்கமிருந்து ரயிலில் வருபவர்கள் எர்ணாகுளம் வரை போகாமல் ஆலுவாவில் இறங்கினால், பறவூருக்கு அங்கிருந்தே பஸ் கிடைக்கும்.

பறவூரில் நேராக உள்ளே ஓடாதீர்கள். படிப்புரை (வாயில் கட்டடம்), தூண்கள் நின்ற நடை, முன்னறை, அதன்பிறகே தொழுகைக் கூடம் என்று கட்டடம் நீளவாக்கில் போகிறது. பலரும் கூடத்தில் நான்கு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மாடியைத் தவற விடுகிறார்கள்! கூடத்தின் நடுவில் வேதம் வாசிக்கும் மேடை ஒன்று இருக்க, மாடியிலும் இன்னொன்று உண்டு. கேரள ஜெபாலயங்களுக்கே உரிய அமைப்பு இது. அதன் பின்னால் மரத்தடுப்பு, தடுப்புக்கு அப்பால் பெண்கள் பகுதி. பெண்களுக்கு மாடிக்குத் தனிப்படி.

சேந்தமங்கலத்தில் வாசல் முற்றத்தில் நிற்கும் கல்லை வெறும் கல் என்று தாண்டிவிட வேண்டாம். எபிரேய எழுத்து பொறித்த அது, இஸ்ரேல் என்பவரின் மகள் சாராவின் கல்லறைக் கல், ஆண்டு 1269. எழுத்து தேய்ந்திருப்பதால் வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ பார்த்தால்தான் வரிகள் துலங்கும்.