டார்க் ரென்ச் வாங்கும் முன் மேனுவலைத் திறவுங்கள்

காருக்கென்று ஓசூரில் ஒரு அரை இஞ்ச் டார்க் ரென்ச் வாங்கித் தருமபுரிக்குக் கொண்டுவந்தேன். வைத்த இறுக்க அளவு வந்ததும் ‘டிக்’ என்று சொல்லும் ரென்ச் அது. அரை இஞ்ச் என்பது சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு. ஸ்கேல் 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் (இறுக்கத்தை அளக்கும் அலகு) வரை. கை சும்மா இருக்குமா? பைக்குக்கு ஆயில் மாற்றியபோது டிரெயின் போல்ட்டுக்கும் (ஆயிலை வடிக்கும் போல்ட்டு) அதையே போட்டேன். மேனுவல் சொன்னது 24. ரென்சிலோ 40-க்குக் கீழே கோடே கிடையாது. கைப்பிடியை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு, ‘டிக்’ வரட்டும் என்று இழுத்தேன். வரவில்லை. திடீரென்று போல்ட்டு லேசாகச் சுற்றியது. அலுமினிய கேசிங்கில் மரை போச்சு. லேத் பட்டறையில் புது மரை போட்டு வாங்க இரண்டு நாள்.

அதனால் முதல் வேலை கடைக்குப் போவதல்ல. வீட்டில் நீங்கள் உண்மையில் கழற்றி மாட்டப்போகும் போல்ட்டுகளை ஒரு தாளில் எழுதுங்கள், பக்கத்திலேயே மேனுவல் சொல்லும் அளவையும். பழைய மேனுவலில் கிலோகிராம் மீட்டர் இருந்தால் 9.8-ஆல் பெருக்குங்கள், 2.4 என்பது கிட்டத்தட்ட 24 நியூட்டன் மீட்டர்.

அடுத்தது ரேஞ்ச். ‘டிக்’ அடிக்கும் வகையில் உச்ச அளவின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்ப முடியாது. 200 ரென்ச் என்றால் 40-க்கு மேல்தான். பைக் வேலைக்கு 60 வரை போகிற ரென்ச் போதும். டிரைவ், அதாவது அந்தச் சதுர முனை, 3/8 இஞ்ச், பட்டறையில் ‘மூணு நூல்’ என்பார்கள். பல சின்ன கார்களின் வீல் நட்டு 85 முதல் 110-க்குள் வரும். அதற்கு அரை இஞ்ச். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று கடைக்காரர் சொன்னால் தாளைக் காட்டுங்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பைக்காரர் சின்னதை வாங்கட்டும். காரில் தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போகிறவர் பெரியதை.

டிஜிட்டல் வேண்டாம் என்பது என் கட்சி. பேட்டரி தீர்வது எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான்.

கடையிலேயே அளவு வைத்துப் பாருங்கள். அடியில் உள்ள பூட்டைத் தளர்த்தி, கைப்பிடியைச் சுற்றுங்கள். தண்டில் 20 கோடு, கைப்பிடி விளிம்பில் 4 என்றால் 24. தண்டின் மறுபக்கம் ஃபுட்-பவுண்டு ஸ்கேல் இருக்கலாம். அதில் 24 வைத்தால் உண்மையில் 32 தாண்டிவிடும்.

இறுக்கும்போது கைப்பிடி நடுவில் பிடித்து நிதானமாக இழுங்கள். முதல் ‘டிக்’கோடு கையை எடுங்கள், உறுதிக்கு இன்னொரு தடவை வேண்டாம். மேனுவல் சொல்லாமல் மரையில் ஆயில் தடவினால், அதே அளவிலேயே போல்ட்டு அதிகமாக இறுகிவிடும். கழற்ற இதை எடுக்கவே கூடாது, சாதா ஸ்பானர் இருக்கிறது. முடிந்ததும் ஸ்கேலின் மிகக் குறைந்த கோட்டுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே அல்ல.

சந்தேகம் இருந்தால் சதுர முனையை வைஸில் பிடித்து ரென்சைப் படுக்கையாக வையுங்கள். முனையிலிருந்து 25 செ.மீ. தள்ளி, இறுக்கும் திசையில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் 24.5 வரும், ரென்சின் சொந்த எடை கொஞ்சம் கூட்டும். என் புது மூணு நூல் ரென்சில் கைப்பிடி நடு சரியாக 25-இல் இருந்தது. அரிசிப் பையைக் கட்டினேன். 22 வைத்தபோது ‘டிக்’. 28-க்குச் சத்தமில்லை.