வீட்டிலேயே கனமான மெட்டல் கிட்டார் ஒலி: பதிவு முதல் மிக்ஸிங் வரை

மெட்டல் கிட்டாரைப் பதிவுசெய்யத் தொடங்கும் ஏறக்குறைய எல்லோரும் முதலில் கைவைப்பது, சிக்னலைப் பெருக்கிக் கரகரப்பை ஏற்றும் கெய்ன் குமிழில்தான். அதைக் கடைசி வரை திருகித் தனியாக வாசித்துப் பார்க்கும்போது அறையே அதிர்வது போலிருக்கும் ஒலி, டிரம்ஸும் பேஸும் சேர்ந்த மறுகணம் குளவிக் கூட்டின் ரீங்காரமாகச் சிறுத்துவிடும். நானும் ஓராண்டுக் காலம் இப்படியே பதிவுசெய்துவிட்டு, குறை என் கருவிகளில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். அளவான கெய்னில், பிசகின்றி இருமுறை வாசித்த கிட்டார்களும், அவற்றுக்கு அடியில் ஓடும் பேஸ் கிட்டாரும் கூடும்போதுதான் பாட்டில் அந்தக் கனம் பிறக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தச் சேர்க்கையை அமைப்பதற்கானவை.

படி 1: தந்தியும் சுருதியும்

மங்கிப்போன தந்தியின் ஒலியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஆகவே புதுத் தந்தி மாட்டி, கையால் நன்றாக இழுத்துவிட்டு, சுருதி நிலைத்த பிறகே பதிவைத் தொடங்க வேண்டும். வழக்கமான டியூனிங்கில் ஆறாவது தந்தி 82.4 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஆறாவது தந்தியை சி ஸ்வரம் வரை இறக்கும் டிராப் சி டியூனிங்கில் அது 65.4 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அவ்வளவு இறக்கும்போது மெல்லிய தந்தி தளர்ந்து, ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு முறையும் சுருதி மேலேறி விலகும் என்பதால், ஆறாவது தந்தி 0.056 அங்குலமோ அதற்கு மேலோ இருப்பது நல்லது. தந்தியை மெதுவாகத் தட்டிச் சுருதி சேர்ப்பதும் ஏமாற்றிவிடும். ரிஃப்பை, அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை, எவ்வளவு வலுவாக வாசிக்கப் போகிறோமோ அதே வலுவில் அடித்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கு (ஒருமுறை வாசித்துப் பதிவதற்கு) முன்பும் ட்யூனரைப் பார்ப்பது அலுப்பூட்டும் வேலை என்றாலும், இடப்பக்கக் கிட்டாரும் வலப்பக்கக் கிட்டாரும் சிறிது சுருதி விலகினாலே டிஸ்டார்ஷன் அந்த விலகலைப் பல மடங்காக்கிக் காட்டிவிடும்.

படி 2: நேரடி சிக்னலைப் பதிவுசெய்தல்

கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' அல்லது 'ஹை-இசட்' என்று குறிக்கப்பட்ட உள்ளீட்டில் கிட்டாரைச் செருக வேண்டும். லைன் உள்ளீட்டில் செருகினால் பிக்கப்பின் மேல் அலைவரிசைகள் மங்கி, ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். 24-பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற அமைப்பு போதுமானது. மிக ஓங்கி அடிக்கும்போது உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்குமாறு இன்டர்ஃபேஸின் கெய்னை வைத்துவிட்டு, முழுப் பாட்டும் முடியும் வரை அதைத் தொடாதீர்கள். வாசிப்பதற்கும் கேட்பதற்கும் இடையே தாமதம் தெரிந்தால் பஃபரை (கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவை) 128 அல்லது 64 சாம்பிளுக்குக் குறைக்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) ஒலியைக் கேட்டுக்கொண்டே வாசிக்கலாம். ஆனால் பதிவாக வேண்டியது டி.ஐ. எனப்படும் சுத்தமான நேரடி சிக்னல். அது கையிலிருந்தால் மூன்று மாதம் கழித்தும் ஆம்பை மாற்றிக்கொள்ளலாம்.

படி 3: கெய்னைக் குறைத்தல்

டிஸ்டார்ஷன் என்பது அலையின் உச்சிகளை வெட்டி, புதிய மேல் ஸ்வரங்களைப் பிறப்பிக்கும் செயல். வெட்டு மிகுந்தால் மெல்லிய அடிக்கும் வலுத்த அடிக்கும் வேறுபாடு அழிந்துபோகிறது. ரிஃப்பின் தாக்கம் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. மேலும், தாழ்ந்த அலைவரிசைகள் மிகுதியாக டிஸ்டார்ஷனுக்குள் நுழைந்தால் அவை மற்ற ஒலிகளோடு கலந்து சேறாகிவிடும். அதனால்தான் மெட்டல் வாசிப்பவர்கள் ஆம்புக்கு முன்னால் ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை வைக்கிறார்கள். அதன் டிரைவ் குமிழ் பூஜ்ஜியத்தில், லெவல் உச்சத்தில், டோன் நடுவில் இருக்கும். அந்தப் பெடல் தாழ் அலைவரிசைகளைக் குறைத்து, 720 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதியைத் தூக்கிக் கொடுப்பதால், பாம் ம்யூட் அடிகள் (உள்ளங்கை ஓரத்தால் தந்தியை லேசாக அமுக்கி அடிப்பவை) ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும்.

பீவி 5150 போன்ற ஆம்பின் மென்பொருள் வடிவம் எதுவும் இதற்குப் பொருந்தும்; இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலரும் போதுமானது. கெய்னை எங்கே நிறுத்துவது என்பதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி இது: ஆறாவது தந்தியில் பாம் ம்யூட்டாகப் பதினாறு அடிகளைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டே கெய்னைப் பூஜ்ஜியத்திலிருந்து மெதுவாக ஏற்றுவேன். அடி ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் அந்தச் சிறு மௌனம் நிரம்பத் தொடங்கும் இடம் வந்ததும் நிறுத்தி, அங்கிருந்து சற்றுப் பின்னே வருவேன். தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் வறண்டதாகத் தோன்றும். தோன்றட்டும். மிடில் குமிழையும் பூஜ்ஜியத்துக்கு இறக்காதீர்கள், ஏனெனில் டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவே கிட்டாருக்கு மிஞ்சும் இடம் அந்த நடுப்பகுதிதான்.

படி 4: கேபினெட்

ஆம்பிலிருந்து நேரடியாக வரும் ஒலி கொசு ரீங்காரம் போல இருக்கும். அதை மனிதக் காதுக்கு உகந்ததாக்குவது ஸ்பீக்கர். வீட்டில் அந்த வேலையை ஐ.ஆர். எனப்படும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பு செய்கிறது. அது ஒரு குறிப்பிட்ட கேபினெட்டையும் மைக்கையும் அவை இருந்த நிலையில் அப்படியே பிடித்துவைத்த அச்சு. 1986-இல் வந்த செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கரை 1965-இல் வந்த ஷூர் எஸ்.எம். 57 மைக்கால் பிடித்த ஐ.ஆர். ஒன்றோடு தொடங்குங்கள், மெட்டலில் மிகப் பழகிய கூட்டு அது. ஸ்பீக்கரின் நடுமூடியை நோக்கி வைத்த மைக் கூர்மையாகவும், விளிம்பை நோக்கி நகர்த்திய மைக் இருட்டாகவும் ஒலிக்கும். அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் ஈக்யூவில் ஒரு மணி நேரம் போராடியும் திருத்த முடியாத குறையை ஐ.ஆர். மாற்றம் ஒரு நொடியில் தீர்த்துவிடுவதை நீங்களே காண்பீர்கள். ஆனால் நூறு கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு இரவைக் கழிக்காமல், ஐந்தை மட்டும் எடுத்து, டிரம்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்து நகருங்கள்.

படி 5: இருமுறை வாசித்தல்

அதே ரிஃப்பை இரண்டு தனி டேக்குகளாக வாசித்து, ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் பேன் செய்ய வேண்டும். ஒரே டேக்கை நகலெடுத்து இருபக்கமும் வைத்தால் பலனில்லை. இரு காதுக்கும் ஒரே சிக்னல் வந்தால் அது நடுவிலிருக்கும் ஒற்றை ஒலியாகவே கேட்கும். நகலைச் சில மில்லிநொடிகள் தள்ளிவைத்தால் அகலம் கிடைத்தது போல் தோன்றும், ஆனால் மோனோவில், அதாவது இருபக்கமும் ஒன்றாகக் கலந்து, கேட்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டு ஒலி குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். இரண்டு உண்மையான டேக்குகளுக்கு இடையே கை தானாக உண்டாக்கும் நுண்ணிய வேறுபாடே நமக்குத் தேவையான அகலம்.

வேறுபாடு நுண்ணியதாகவே இருக்க வேண்டும் என்பதுதான் இதில் கடினம். தாளம் காட்டும் க்ளிக் ஓட, நான்கு நான்கு தாளச் சுற்றுகளாக (பார்களாக)ப் பிரித்து, முதல் டேக்கின் தாளத்தில் இரண்டாவது அப்படியே உட்காரும் வரை திரும்பத் திரும்ப வாசியுங்கள். பாம் ம்யூட்டில் உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜை விட்டு எவ்வளவு முன்னே வருகிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னே போனாலே ஸ்வரம் மழுங்கி வெறும் தட்டலாகிவிடும். பின்னே வந்தால் தந்தி ஒலித்துக்கொண்டே இருக்கும். இரு டேக்கிலும் கை ஒரே இடத்தில் இருந்தால் மட்டுமே இருபக்கமும் ஒரே கனத்தில் விழும். நான்கு டேக் வைப்பது இன்னும் கனமாகும் என்று பலரும் சொல்வார்கள். வாசிப்பு துல்லியமாக இல்லாவிட்டால் நான்கு டேக் இரண்டைவிட மெலிந்தே ஒலிக்கும் என்பது என் அனுபவம்.

அடிகளுக்கு இடையிலான இரைச்சலுக்கு, ஒலி தாழும்போது சிக்னலை மூடிவிடும் நாய்ஸ் கேட் வைக்கலாம். நீண்ட ஸ்வரங்களின் வாலை அது வெட்டாதவாறு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: மிக்ஸிங்

இரண்டு கிட்டார்களையும் ஒரே பஸ்ஸுக்கு (பல ட்ராக்குகள் சேரும் பொதுத் தடத்துக்கு) அனுப்பி அங்கே வேலை செய்யுங்கள். 80 ஹெர்ட்ஸை ஒட்டி அதற்குக் கீழுள்ளதை வெட்டும் லோ-கட், 10 கிலோஹெர்ட்ஸை ஒட்டி அதற்கு மேலுள்ளதை வெட்டும் ஹை-கட். காதைக் குத்தும் சீறல் பெரும்பாலும் 3 முதல் 6 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒளிந்திருக்கும். குறுகிய பட்டையில் அதைத் தேடி 3 டெசிபல் அளவில் இறக்கினால் போதும். பாம் ம்யூட் அடிக்கும்போது மட்டும் புடைத்தெழும் 'தும்' என்ற ஒலியை ஈக்யூவால் குறைத்தால் மற்ற இடங்களும் மெலிந்துவிடும் என்பதால், குறிப்பிட்ட பட்டையில் ஒலி உயரும்போது மட்டும் அதை அழுத்தும் மல்டிபேண்ட் கம்ப்ரஸரை 80 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையான பட்டையில் மட்டும் வைத்து, அந்த அடிகளின்போது 3, 4 டெசிபல் அழுந்துமாறு அமையுங்கள்.

இவ்வளவும் செய்த பின் தனியாகக் கேட்டால் கிட்டார் மெலிந்துபோனதாகவே தோன்றும். இங்கேதான் பேஸ் வருகிறது. டிராப் சி-யில் பேஸின் தாழ்ந்த தந்தி 32.7 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 65.4, அதாவது கிட்டார் ஆறாவது தந்தியின் அதே அலைவரிசை. நாம் லோ-கட் போட்டுக் குறைத்த தளத்தைப் பேஸ் நிரப்பிவிடுகிறது. காது இரண்டையும் பிரிக்காமல் ஒரே பெரிய கிட்டாராகக் கேட்கிறது. பேஸ் ட்ராக்கை இரண்டாக்கி, ஒன்றில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் சுத்தமான ஒலியையும், மற்றொன்றில் அதற்கு மேல் டிஸ்டார்ஷன் ஏற்றிய ஒலியையும் வைத்து, அழுக்கான பகுதியைக் கிட்டாரின் கீழ் மெல்ல ஏற்றுங்கள். பிறகு பேஸை ஒரு கணம் ம்யூட் செய்து பாருங்கள். கிட்டாரே பாதியாகிவிட்டது போலிருந்தால் அளவு சரி.

படி 7: சரிபார்த்தல்

குறைந்த சத்தத்தில் காது தாழ் அலைவரிசைகளைக் குறைவாகவே உணரும் என்பதால், ஈக்யூ முடிவுகளை எப்போதும் ஒரே சத்த அளவில் எடுங்கள். இறுதியாக மிக்ஸை மோனோவாக்கி, கைப்பேசி ஸ்பீக்கரில் கேளுங்கள். இருபக்கமும் பேன் செய்த கிட்டார்கள் மோனோவில் சற்றுத் தாழ்வது இயல்பு. ரிஃப்பே மறைந்துபோனால் மட்டும் மூன்றாவது படிக்குத் திரும்பி, மிடில் குமிழைக் கொஞ்சம் ஏற்றி, அதே டி.ஐ. பதிவை மறுபடியும் ஆம்ப் வழியே ஓட்டுங்கள்.